நந்தகுமார் சேகர்: கழகம் மாறிய முன்கள வீரர்

நந்தகுமார் சேகர் 1995-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த இந்தியக் காற்பந்து முன்கள வீரர். மைதானத்தின் ஓரமாக ஓடி, தடுப்பு வீரரைத் தாண்டி உட்புறம் திரும்பிக் கோல் நோக்கி உதைப்பது இவரது ஆட்டமுறை. இந்திய அணியின் சட்டையை அணிவதற்கு முன் இவர் பல கழகங்களைக் கடந்து வந்தார். தமிழகத்தில் நிலையான தொழில்முறைக் கழகங்கள் குறைவு என்பதால் இங்கிருந்து கிளம்பும் பெரும்பாலான வீரர்களின் வழியும் இதுதான்.

2017-இல் ஐ-லீக்கில் முதன்முறையாக ஆடிய சென்னை சிட்டி அணியின் மூலம் இவர் தேசிய அளவில் அறியப்பட்டார். அந்தக் கழகம் 2018–19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. ஆனால் 2020–21 பருவத்துக்குப் பிறகு தேசியப் போட்டிகளில் அதைக் காண முடியவில்லை. நந்தகுமார் 2017-லேயே இந்தியன் சூப்பர் லீக்கின் டெல்லி டைனமோசு அணிக்குச் சென்றுவிட்டார். அதுவும் நிலைக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அக்கழகம் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு, புவனேசுவரத்தில் ஒடிசா எப்.சி. ஆனது.

ஒடிசாவில்தான் இவர் முதிர்ந்தார். 2022–23 பருவத்தில் ஒடிசா முதன்முறையாகச் சூப்பர் லீக்கின் அடுத்தகட்டச் சுற்றை எட்டியது. 2023 ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் பெங்களூரு அணியை 2–1 என வீழ்த்திச் சூப்பர் கோப்பையை வென்றது. அது அக்கழகத்தின் முதல் கோப்பை. அதே ஆண்டு சூனில் கண்டங்களிடைக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக அறிமுகமானபோது நந்தகுமாருக்கு வயது 27. முன்கள வீரருக்கு இது தாமதமான அறிமுகமே.

பின்னர் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். 1920-இல் தொடங்கப்பட்ட அக்கழகம் அப்போது பெருஞ்சோர்வில் இருந்தது. பரம எதிரியான மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்றிருந்தது. கடைசி வெற்றி 2019 சனவரியில் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பைக்காக சால்ட் லேக் அரங்கில் இரு அணிகளும் மோதின. 60-ஆவது நிமிடத்தில் வலப்புறம் பந்தைப் பெற்ற நந்தகுமார், அனிருத் தாபாவைத் தாண்டி உள்ளே வெட்டி, இடக்காலால் வளைத்து உதைத்தார். பந்து தொலைவிலிருந்த கம்பத்தின் ஓரம் வலைக்குள் விழுந்தது. ஆட்டம் 1–0. வந்து சில வாரங்களே ஆன சென்னைக்காரரின் பெயர் அன்றிரவே கொல்கத்தா ரசிகர்களின் நாவில் ஏறிவிட்டது. அத்தொடரின் இறுதியாட்டத்தில் மோகன் பகான் 1–0 எனப் பழிதீர்த்துக்கொண்டது வேறு கதை.

2024 சனவரியில் சூப்பர் கோப்பைப் போட்டி புவனேசுவரத்தின் கலிங்கா அரங்கில் நடந்தது. சனவரி 19 அன்று மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 3–1 என வென்றபோது இவரும் ஒரு கோல் அடித்தார். சனவரி 28 இறுதியாட்டத்தில் எதிரே நின்றது ஒடிசா. மைதானமும் இவர் ஆண்டுக்கணக்கில் தன்னுடையதாகக் கருதி ஆடிய மைதானம். டியாகோ மொரீசியோவின் கோலால் ஒடிசா முன்னிலை பெற்றது. 52-ஆவது நிமிடத்தில் நந்தகுமார் அதைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கிளெய்டன் சில்வா அடித்த கோலால் ஈஸ்ட் பெங்கால் 3–2 என வென்றது. 2012 கூட்டமைப்புக் கோப்பைக்குப் பிறகு 12 ஆண்டுகள் கழித்து அக்கழகத்துக்குக் கிடைத்த தேசியக் கோப்பை அது.

இந்த வெற்றி ஆசியப் போட்டிகளுக்கும் வழி திறந்தது. 2024 அக்டோபரில் பூட்டானின் திம்புவில் ஏ.எப்.சி. சேலஞ்ச் லீக் ஆட்டத்தில் வங்காளதேசத்தின் பசுந்தரா கிங்சை ஈஸ்ட் பெங்கால் 4–0 என வென்றது. அந்த நான்கில் ஒன்று நந்தகுமார் அடித்தது.