உல்லம் மீன் வந்த வழி

  

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் இலிஷ் மீன் குழம்புப் படம் அனுப்பி, "சார், இது நம்ம பக்கம் கிடைக்காதா?" என்று கேட்டிருந்தார். பதில் நீண்டுவிட்டதால் தனிப் பதிவாகவே போடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

கிடைத்தது தம்பி. நம் கொள்ளிடத்திலேயே கிடைத்தது. தமிழில் அதற்கு உல்லம் என்று பெயர். வங்காளிக்கு இலிஷ், சிந்துக்காரர்களுக்குப் பல்லா, கோதாவரிக்காரர்களுக்குப் புலசா. கடலில் வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது அதை எதிர்த்து ஏறி, நல்ல தண்ணீரில் சினை விட்டுவிட்டுத் திரும்பும் மீன் அது. (விலாங்கு நேர் எதிர். ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடும்.) ஒரு தாய் மீன் சில லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை முட்டை இடும்.

தண்ணீருக்குள் போகும் மீன் எங்கிருந்து எங்கே போகிறது என்று மனிதன் எப்படித் தெரிந்துகொண்டான்? எனக்குச் சுவையாகப் பட்டது இந்தக் கதைதான்.

முதலில் தெரிந்துகொண்டவர்கள் மீனவர்கள். கோதாவரி முகத்துவாரத்தில் கடல்மீனாக இருக்கும்வரை அதை இலசா என்பார்கள். ஆற்றுக்குள் ஏறிவிட்டால் அதே மீன் புலசா. ருசி மாறும், விலை எங்கேயோ போய்விடும். தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்று அந்தப் பக்கம் ஒரு சொலவடையே உண்டு. ஒரே மீனுக்கு இரண்டு பெயர் வைத்தவனுக்கு அதன் பயணம் தெரியாமலா இருந்திருக்கும்? கங்கையில் அலகாபாத், கான்பூர் தாண்டி, யமுனை வழியாக ஆக்ரா, டெல்லி வரைகூட ஏறியது என்பது பழைய செய்தி. அதாவது கடலிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் மேல். பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இலிஷ் என்ற நம் நாட்டுப் பெயரையே அதில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு அணைகள் வந்தன. 1836-இல் ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கீழணை கட்டினார். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் அதன் மேல் போயிருப்பீர்கள். 1852-இல் கோதாவரியில் தவளேஸ்வரம், 1855-இல் கிருஷ்ணாவில் விஜயவாடா. காட்டனைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் வீடுகளில் உலை கொதித்ததே அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லால்தான். ஆனால் மீனின் பாதை முதன்முதலாக எல்லோர் கண்ணுக்கும் பட்டது அந்தச் சுவர்களின் அடியில்தான். மேலே போக முடியாமல் மீன்கள் அங்கே கூட்டம் கூட்டமாகத் தவித்தன. வலை வீசியவர்களுக்கு வேட்டை. சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்து மீன் ஆராய்ச்சியில் இறங்கிய பிரான்சிஸ் டே இதைப் பார்த்துவிட்டு, அணைகளில் மீனுக்கு வழி விடுங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். அவருடைய அறிக்கை அச்சானது 1873-இல். 150 வருடம் ஆகிறது.

வழி விடாவிட்டால் குஞ்சு பொரித்தாவது விடலாமே என்று 1910-ஐ ஒட்டி, சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த வில்சன் கொள்ளிடத்தில் முயன்றார். சினைமீனைப் பிடித்து, முட்டையைப் பிதுக்கி எடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலந்து பொரிக்க வைக்கும் முறை. இந்த மீனில் அப்படிச் செய்து பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று நம் ஆற்றங்கரையில் நடந்திருக்கிறது. கொள்ளிடக் கரைப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்தது மேட்டூர். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது, உயரம் 214 அடி என்று நீங்கள் மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். மேட்டூர் எங்கே, கீழணை எங்கே! இடையில் 200 கிலோமீட்டருக்கும் மேல். அணைக்கரையில் தவித்த மீனுக்கும் மேட்டூருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. கீழணை உயரமான சுவர் இல்லை. ஆடியில் பெருவெள்ளம் வரும்போது தண்ணீர் அதை மூழ்கடித்தாற்போல் ஓடும். அந்தச் சில நாட்களில் உல்லம் அணையைத் தாண்டிவிடும். மேட்டூர் கட்டியபின் அந்த வெள்ளம் மேலேயே தேங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் வந்தது, ஆனால் மீனைத் தூக்கிவிடும் அளவுக்கு வரவில்லை. 100 வருடமாகத் திறந்தும் மூடியும் இருந்த கதவு அப்படியே சாத்திக்கொண்டது.

சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த சுந்தரராஜ் 1941-இல், மேட்டூர் இந்தியாவுக்குக் கற்றுத்தரும் பாடம் என்ன என்று ஒரு கட்டுரையே எழுதினார். மறு வருடம் தேவநேசன் என்ற இன்னொரு மீன்துறை அறிஞர் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி மூன்றையும் சேர்த்து எழுதினார். இரண்டு பேரும் நம் தென்னாட்டுக்காரர்கள். இவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

அதே காலத்தில் கல்கத்தாவில் சுந்தர்லால் ஹோரா ஒரு விசித்திரமான இடத்தில் துப்புக் கண்டுபிடித்தார். நகரத்துக்குக் குடிநீர் தரும் புல்டா நீரேற்று நிலையத்தின் தெளிவுத் தொட்டிகளில் இலிஷ் குஞ்சுகள்! ஆற்றுத் தண்ணீரை இறைத்து வண்டல் படிய விடும் தொட்டிகள் அவை. குஞ்சு அங்கே வந்திருக்கிறது என்றால் தாய் மீன் பக்கத்து ஆற்றில்தான் சினை விட்டிருக்க வேண்டும். நூலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் வருமா இந்த விடை?

மற்ற மீன்களுக்கு எண் போட்ட சிறு அடையாளத் தகட்டை முதுகில் கோத்து விடுவார்கள். எங்காவது யாராவது பிடித்தால் எண்ணைப் பார்த்து, இவ்வளவு நாளில் இவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். உல்லத்திடம் இது லேசில் நடக்காது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் செத்துப்போகும் சீமாட்டி அது. 1960-களின் தொடக்கத்தில் டி. வி. ஆர். பிள்ளையும் கூட்டாளிகளும் அந்த முயற்சியையும் செய்து பார்த்தார்கள். இப்போது இன்னொரு முறை உண்டு. மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒரு சிறு சுண்ணாம்புக் கல் இருக்கிறது. மரத்தின் வளையம் போல வளையம் வளையமாக வளரும். அந்த வளையங்களில் படிந்த ஸ்ட்ரான்சியத்தை அளந்தால், மீன் எந்த வயதில் உப்புத் தண்ணீரில் இருந்தது, எப்போது நல்ல தண்ணீருக்கு வந்தது என்று படித்துவிடலாம். வங்கதேச மீன்களில் அப்படிப் படித்திருக்கிறார்கள். ஒரு வருத்தம், மீன் செத்த பிறகுதான் அந்தக் கல்லை எடுக்க முடியும்.

கங்கையில் பராக்கா அணை 1975-இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 2 கிலோமீட்டருக்கும் மேல். கொல்கத்தா துறைமுகத்தில் வண்டல் சேராமல் இருக்கக் கட்டியது. டேயும் சுந்தரராஜும் தேவநேசனும் எழுதிவைத்தது கோப்புகளில் இருந்தது. மீன்வழியும் ஒன்று வைத்துத்தான் கட்டினார்கள், ஆனால் உல்லம் அதில் ஏறிப் போகவில்லை. பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் இலிஷ் பிடித்துப் பிழைத்தவர்கள் தொழிலை இழந்தார்கள். 2019 வாக்கில், கப்பல் போகும் புதிய மதகை இரவு 1 மணி முதல் 5 மணி வரை 8 மீட்டர் திறந்து வைத்து மீனுக்கு வழிவிடுவதாகத் திட்டம் அறிவித்தார்கள். பாரக்பூர் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அணைக்குக் கீழே உயிரோடு பிடித்த மீன்களை மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். சிலவற்றுக்கு எண் தகடும் போடுகிறார்கள். அந்தத் தகட்டைக் கொண்டுவந்து எங்கே பிடித்தேன் என்று சொல்லும் மீனவருக்குப் பரிசு உண்டு. சுற்றிச் சுற்றிக் கடைசியில் மீனவரிடமே வந்து கேட்கிறார்கள், பாருங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அணைக்கரை, கொள்ளிடம், ஆச்சாள்புரம், பழையாறு பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். வீட்டில் 80, 90 வயதுப் பெரியவர்கள் இருந்தால், உல்லம் என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எந்த மாதம் வரும், எந்தத் துறையில் வலை போட்டார்கள், கடைசியாகப் பார்த்தது எந்த வருடம் என்று கேட்டு இங்கே கீழே எழுதுங்கள். போனில் பதிவு செய்து அனுப்பினாலும் சரி, நானே கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.