டைல்ஸ் பதிக்கும் முன்: தரைக்கு அடியிலும் தாளிலும் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் வீடு வாங்கும் எம்மவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் தரையில்தான். கார்பெட்டைக் கழற்றிவிட்டு, கூட்டித் துடைக்கக்கூடிய டைல்ஸ் போட விரும்புகிறோம். நிறமும் பளபளப்பும் பார்க்கக் கடை கடையாக ஏறுகிறோம். பதிப்பவரைத் தேர்வது மட்டும் "தெரிந்த ஆள், மலிவாகச் செய்வார்" என்பதோடு முடிந்துவிடுகிறது. கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. டைல்ஸ் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அதன் அடித்தளமும் பதிப்பவரின் கையும் தீர்மானிக்கின்றன. போட்ட காசுக்குப் பாதுகாப்பு, அவருடன் செய்யும் எழுத்து.

ஊர்த் தரை வேறு, இங்குள்ள தரை வேறு

ஊரில் தரை என்றால் மண்ணை இறுக்கி, கொங்கிரீட் போட்டு, சீமெந்து பூசியது. அது அசையாது. நியூ ஜேர்சி வீடுகளில் பெரும்பாலும் மரச் சட்டங்களின் மேல் அடித்த பலகைதான் தரை. நடந்தால் சிறிது வளையும். ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் நேரடியாகப் பதித்தால் டைல்ஸ் வெடிக்கும். இடையில் சீமெந்துப் பலகையோ, அசைவைத் தாங்கும் விரிப்போ வர வேண்டும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான்.

டெக்சாஸில் கொங்கிரீட் தளமே அதிகம். ஆனால் டலஸ், ஹூஸ்டன் பக்கத்துக் களிமண் மழையில் ஊதி, வறட்சியில் சுருங்குவதால் தளத்தில் வெடிப்பு விழும். வெடிப்பு மேலே ஏறாமல் தடுக்கும் படலம் போடாவிட்டால் டைல்ஸும் அதே கோட்டில் பிளக்கும்.

வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கமும் இங்கே சரிவராது. தண்ணீர் ஓடத் தரையில் வழியில்லை. டைல்ஸ் இடைவெளியை நிரப்பும் கிரவுட் தண்ணீரை முற்றாகத் தடுக்காது. அடியில் மரம் உக்கிவிடும்.

1980களுக்கு முன் கட்டிய வீடானால், பழைய 9 அங்குலச் சதுரத் தரை ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய பசையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பரிசோதிக்காமல் உடைக்க விடாதீர்கள்.

எந்த டைல்ஸ், எங்கே?

ஊரில் நாங்கள் "மாபிள்" என்று பொதுவாகச் சொல்லும் பல தரைகள் உண்மையில் சுட்ட களிமண் டைல்ஸ்தான். நீரை உறிஞ்சும் அளவு 0.5 வீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது போர்சிலேன். சுவருக்குச் சாதாரண செராமிக் போதும். நியூ ஜேர்சியில் வெளி வாசலுக்கு, உறைபனியைத் தாங்கும் என்று குறிப்பிட்ட போர்சிலேன் வேண்டும்.

பெட்டியிலோ தயாரிப்பாளரின் விபரத்தாளிலோ இரண்டு எண்களைப் பாருங்கள். வழுக்காமையைக் குறிக்கும் டி.சி.ஓ.எஃப். எண், ஈரம் படும் உட்தரைக்கு 0.42க்குக் குறையக்கூடாது. அம்மா அப்பா கூட இருக்கும் வீட்டில் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். தேய்மானத்தைக் குறிக்கும் பி.இ.ஐ. எண் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டுத் தரைக்கு நல்லது.

தேவைக்கு மேல் 10 வீதம், மூலைவாட்டில் பதிப்பதானால் 15 வீதம் கூடுதலாக வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் தொகுதி எண் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நிறம் சற்று மாறும்.

யாரிடம் கொடுப்பது?

நியூ ஜேர்சியில் வீட்டுத் திருத்த வேலை செய்வோர் மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் பதிந்திருக்க வேண்டும். பதிவெண் 13வி.எச். என்று தொடங்கும். 500 டொலருக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். கையொப்பமிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் அதை நீங்கள் இரத்துச் செய்யலாம்.

கலிபோர்னியாவில் டைல்ஸ் வேலைக்கென்றே சி-54 என்ற உரிமம் உண்டு. மாநில ஒப்பந்தகாரர் சபையின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். முற்பணம் 1,000 டொலர் அல்லது மொத்தத் தொகையின் 10 வீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் கேட்பது சட்டவிரோதம். கடைக்காரருக்கோ துணை வேலையாளுக்கோ ஒப்பந்தகாரர் காசு கொடுக்காவிட்டால், அவர்கள் உங்கள் வீட்டின்மீதே உரிமை கோரலாம். ஆகவே கடைசிக் கொடுப்பனவுக்கு முன் அவர்களிடமிருந்து விடுவிப்புக் கடிதம் பெறுங்கள்.

டெக்சாஸில் டைல்ஸ் பதிப்போருக்கு மாநில உரிமம் கிடையாது. எனவே காப்புறுதிச் சான்றையும் முன்பு செய்த வேலைகளையும் நீங்களே பார்க்க வேண்டும். செராமிக் டைல் கல்வி அறக்கட்டளையின் செய்முறைத் தேர்வில் தேறியவர் கிடைத்தால் நல்லது.

எம்மவரிடம் கடதாசி கேட்டால் "என்ன அண்ணை, நம்பிக்கை இல்லையோ?" என்பார்கள். கூச்சப்படத் தேவையில்லை. காப்புறுதி இல்லாத வேலையாள் உங்கள் வீட்டில் விழுந்தால், ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில் வரலாம். அவர் குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். கடதாசி இருவருக்கும் பாதுகாப்பு.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மிகக் குறைந்த விலையில் பெரும்பாலும் விடுபடுவது அடித்தள வேலைதான். இவை எழுத்தில் வரட்டும்:

– பழைய தரையை அகற்றுவதும் தளத்தை மட்டப்படுத்துவதும். ஒரு பக்கமாவது 15 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள டைல்ஸுக்கு, பத்தடி நீளத்தில் ஏற்ற இறக்கம் எட்டில் ஒரு அங்குலத்தைத் தாண்டக்கூடாது.
– டைல்ஸின் அடியில் சாந்து படும் அளவு: உலர்ந்த இடத்தில் 80 வீதம், குளியலறையில் 95 வீதம். வேலை நடக்கும்போது ஒன்றைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.
– குளிக்கும் இடத்தில் நீர்த்தடுப்புப் படலம். டைல்ஸ் பதிக்கும் முன் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பரிசோதிக்க வேண்டும்.
– தொடங்கும், முடிக்கும் திகதிகளும், கட்டம் கட்டமான கொடுப்பனவும். இறுதியில் 10 வீதமாவது உங்கள் கையில் இருக்கட்டும்.

பற்றுச்சீட்டை எறியாதீர்கள்

"காசாகத் தந்தால் குறைத்துத் தருகிறேன்" என்பதில் ஒரு மறைந்த செலவு உண்டு. புதிய தரை வருமான வரிச் சட்டத்தில் ஒரு மேம்பாடு; அதன் செலவை வீட்டின் கொள்விலையோடு சேர்க்கலாம். நீங்கள் குடியிருந்த வீட்டை விற்கும்போது, உரிய நிபந்தனைகளுக்குட்பட்டு தனியாளுக்கு 250,000 டொலர், கூட்டாக வரி தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 500,000 டொலர் வரை இலாபத்துக்கு வரி இல்லை. விரிகுடாப் பகுதியில் பலரது இலாபம் அதைத் தாண்டிவிடுகிறது. அப்போது 12,000 டொலர் தரைக்குப் பற்றுச்சீட்டு இருந்தால், அந்த 12,000 டொலருக்கு வரி இல்லை. நீங்களே பதித்தால் பொருட்களின் விலையை மட்டும் சேர்க்கலாம். உங்கள் உழைப்புக்கு மதிப்புப் போட முடியாது.

இடம்பெயர்ந்து ஓடியபோது காணி உறுதியைக் கையில் எடுத்தவர்களும் எடுக்க முடியாதவர்களும் பின்னர் பட்ட பாடு எமக்குத் தெரியும். இங்கே ஒரு கோவை திறந்து ஒப்பந்தம், காசோலைப் பிரதி, பற்றுச்சீட்டு, டைல்ஸின் தொகுதி எண் எல்லாவற்றையும் வீட்டு உறுதியோடு வையுங்கள். பிரதியொன்றைப் பிள்ளைகளிடமும் கொடுங்கள். மிஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டி கராஜில் இருக்கட்டும்.