குளக்கட்டின் ஆபத்தை எதைக் கொண்டு அளப்பது? கந்தளாயும் ஈச்சிலம்பற்றும்

இலங்கையில் ஒரு குளம் பெரியதா சிறியதா என்பதை அது பாய்ச்சும் வயற்பரப்பே தீர்மானிக்கிறது. 80 ஹெக்டேயருக்கு மேல் பாய்ச்சினால் பெரும்பாலும் மத்திய அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம் பொறுப்பு. அதற்குக் குறைந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் பொறுப்பு. வேளாண்மைக்கு இந்தப் பிரிப்பு பொருந்தும். ஆனால் கட்டு உடைந்தால் எத்தனை பேர் வெள்ளத்தில் அகப்படுவார்கள் என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் வகைப்பாடு தொடங்க வேண்டும் என்பதற்குத் திருகோணமலை மாவட்டத்தின் வரலாறே போதிய சான்று.

கந்தளாய்க் குளத்தைச் சூளவம்ச மரபு 7ஆம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதியோடும், கோணேசர் கல்வெட்டு என்ற நூலின் வழிவந்த தமிழ் மரபு குளக்கோட்டன் என்ற மன்னனோடும் இணைக்கின்றன. கட்டியவர் யார் என்ற வழக்கு இங்கே வேண்டியதில்லை. கட்டின் கீழே யார், எப்போது வந்து சேர்ந்தார்கள் என்பதே இந்த ஆய்வுக்கு முக்கியம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடியேற்றத் திட்டத்தோடு வீடுகளும் வீதிகளும் பெருகின. ஏறத்தாழ 15 மீற்றர் உயரமும் 4 கிலோமீற்றருக்கு மேல் நீளமும் கொண்ட கட்டு பழையதாகவே இருக்க, அது உடைந்தால் நேரக்கூடிய இழப்பு பன்மடங்கானது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை 3 மணியளவில், ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது கட்டு உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1,600க்கும் அதிகமான வீடுகளும் சுமார் 2,000 ஏக்கர் நெல்வயலும் அழிந்தன. கட்டின் மேல் கனரக வாகனங்கள் ஓடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. காரணம் எதுவாயினும், சாவின் அளவைத் தீர்மானித்தவை வீடுகள் இருந்த இடமும் எச்சரிக்கை இல்லாத அந்த வேளையுமே.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற கட்டின் உறுதிக்கு அந்த வயதே சான்றல்லவா என்று கேட்கலாம். நின்ற குளங்களை மட்டும் கணக்கில் எடுப்பதால் வரும் மயக்கம் இது. உடைந்து, தூர்ந்து, காடேறிய குளங்கள் வன்னியிலும் கிழக்கிலும் ஏராளம். நின்றவையும் திருத்தப்பட்டவையே. திருத்தமும் ஆபத்தைக் கொண்டுவரலாம்: மண்கட்டை ஊடறுத்து ஒரு துருசோ குழாயோ புதிதாகப் பதித்தால், அதை ஒட்டி நீர் கசிந்து மண்ணை உள்ளிருந்தே அரிக்க வழி பிறக்கும். மறுபுறம், அமெரிக்காவின் டீட்டன் அணை 1976இல் முதன்முறை நீர் நிரப்பும்போதே உடைந்தது. ஆக, வயதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. எல்லாக் குளத்தையும் ஆபத்தானது என்றால் பணத்துக்கு எங்கே போவது என்ற மறுப்புக்கு வலு அதிகம். ஆனால் ஆபத்து வகை என்பது கட்டு பழுதானது என்ற தீர்ப்பு அல்ல. உடைந்தால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. உடையும் வாய்ப்பு எவ்வளவு என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியே அளந்து பிறகு சேர்த்துப் பார்த்தால்தான், இருக்கும் பணத்தை எந்தக் கட்டில் முதலில் இடுவது என்பது தெரியும். உலக வங்கி உதவியோடு 2008இல் தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் இந்தத் திசையில் நல்ல அடி. அதன் கவனம் பெரிய அணைகளோடு நின்றதே குறை.

ஈச்சிலம்பற்று இந்தக் குறையை உணர்த்துகிறது. மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றங்கரைப் பிரதேசம் அது. அங்குள்ள சிறுகுளங்களின் உயரத்தை மட்டும் அளந்தால் அஞ்ச ஏதுமில்லை என்றே தோன்றும். ஆனால் வெள்ளம் மேலிருந்து வருகிறது. அதே ஆற்றுப்பகுதியில், 2006இல் துருசு மூடப்பட்டதால் போர்ச் செய்தியான மாவிலாற்றில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தால் கரை உடைந்தது. ஆகவே ஒவ்வொரு கட்டுக்கும் வெள்ளம் பாயும் வழியை வரைந்து, அதிலுள்ள வீடு, பள்ளிக்கூடம், வைத்தியசாலை ஆகியவற்றைப் பிரதேச செயலகப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அந்த வழியில் புதிய குடியிருப்புக்கு அனுமதி கொடுக்கும் நாளிலேயே, மேலே உள்ள கட்டின் வகையையும் திரும்பப் பார்க்க வேண்டும்.