கிட்டாரும் கல்யாண வயதும்

1975 பிப்ரவரியில் ஜப்பானில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. இசே ஷோஸோ, ஓகுபோ கசுஹிஸா என்ற இரண்டு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய 'காஸே' என்ற குழுவின் முதல் தட்டு அது. காஸே என்றால் காற்று. பாட்டின் பெயர் '22 வயதில் பிரிவு'. அக்கூஸ்டிக் கிட்டார்களின் மேல் மிதந்து வரும் அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

பாடுவது ஆண்; பேசுவது பெண். தமிழில் 'நான் போகிறேன்' என்று எழுதினால் போகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஜப்பானியப் பாட்டில் 'நான்' என்று எந்தச் சொல்லைப் போடுகிறார்கள், எதிரில் இருப்பவரை எப்படி விளிக்கிறார்கள் என்பதிலேயே பால் தெரிந்துவிடும். இந்தப் பாட்டில் வருபவை 'வாதாஷி', 'அனாதா'. ஒரு காதல் பாட்டில் இவை சேர்ந்து வந்தால் பேசுபவள் பெண் என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 'போகு' என்றும் 'கிமி' என்றும் வந்தால் பேசுபவன் இளைஞன்.

கதை எளிது. 17 வயதில் சந்தித்தவனை ஒருத்தி 22 வயதில் பிரிகிறாள். இன்னொருவனுக்கு மனைவியாகப் போகிறாள். பிறந்தநாள் மெழுகுவத்திகளின் எண்ணிக்கையில் அந்த ஐந்து ஆண்டுகளும் கடந்துபோகின்றன. போகும்போது அவனிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: நீ மாறாமல் இருக்க வேண்டும். ஏன் போகிறாள் என்பதற்குப் பாட்டில் விடை இல்லை. வீட்டு நெருக்கடியா, அவளுடைய விருப்பமா, எதுவும் சொல்லப்படுவதில்லை.

1975இல் கேட்டவர்களுக்குச் சொல்லவேண்டிய தேவையும் இருந்திருக்காது. அந்த ஆண்டு ஜப்பானியப் பெண்களின் சராசரி முதல் திருமண வயது 24.7. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1972இல், நாட்டில் ஏறக்குறைய 11 லட்சம் திருமணங்கள் நடந்திருந்தன. அதற்கு முன்னும் பின்னும் அப்படியோர் எண்ணிக்கை இல்லை. நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பெண்கள் 100க்கு 13 பேர்கூட இல்லை. ஆண்கள் 41 பேர். 22 வயது என்பது ஆணுக்குப் பட்டம் வாங்கும் வயது. அதே வயதுப் பெண் பெரும்பாலும் ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டும் கோப்புகளை அடுக்கிக்கொண்டும் இருந்தாள். அந்த வேலை கல்யாணம் வரைக்கும்தான். திருமணத்துக்காக ராஜினாமா செய்வதற்கு 'கோதோபுகி தைஷா' என்றே பெயர் உண்டு, மங்கல விலகல் என்பதுபோல. கல்யாணம் ஆனால் விலகிவிடுவேன் என்று வேலையில் சேரும்போதே எழுதி வாங்கிய நிறுவனங்களும் இருந்தன. சுமிதோமோ சிமெண்ட் நிறுவனத்தில் அப்படி எழுதிக்கொடுத்த ஒரு பெண், மணமான பிறகும் விலக மறுத்ததால் நீக்கப்பட்டு, வழக்குப் போட்டாள். அந்த நீக்கம் செல்லாது என்று 1966 டிசம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, வழக்கம் போகவில்லை. காஸேயின் பாட்டு வந்த 1975இல்தான் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 45.7 சதவீதத்துக்கு இறங்கியது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் அதுவே அடிமட்டம்.

இசே ஷோஸோ இந்தப் பாட்டை முதலில் எழுதியது 'காகுயாஹிமே' என்ற மூவர் குழுவில் இருந்தபோது. 1974இல் அந்தக் குழுவின் ஆல்பத்தில் அது வெளிவந்தபோது அவருக்கும் வயது 22தான். (மூங்கிலுக்குள் பிறந்து, ஐந்து பிரபுக்களையும் பேரரசரையும் மறுத்துவிட்டு நிலாவுக்குத் திரும்பிப் போன பழங்கதை இளவரசி காகுயா. கல்யாணமே வேண்டாம் என்றவளின் பெயரை மூன்று ஆண்கள் சூட்டிக்கொண்டார்கள்!) அந்தக் குழுவின் பெரும்புகழ் பெற்ற பாட்டு, 1973இல் வந்த 'காந்தாகாவா'. அதுவும் பெண்ணின் குரல்தான். ஒற்றை அறையில் காதலனோடு வாழ்ந்த நாட்களை அவள் நினைத்துப்பார்க்கிறாள். பொதுக் குளியல் கூடத்து வாசலில் குளிரில் ஈரத் தலையோடு காத்து நின்றவள் அவள். எழுதியவர் ஆண், பாடியவர்கள் ஆண்கள்.

ஆண்கள் பெண் குரலை எடுத்துக்கொள்வது ஜப்பானில் புதிதல்ல. கபுகியில் பெண் வேடம் ஆணுக்கு உரியது; எங்கா பாடகர்களும் கைவிடப்பட்ட பெண்களாகக் காலங்காலமாகப் பாடிவந்தார்கள். ஆனால் இந்த இளைஞர்களின் காலம் வேறு. 1969இல் டோக்கியோவின் ஷின்ஜுகு நிலைய மேற்கு வாசலில் வியட்நாம் போருக்கு எதிராகக் கிட்டாரோடு கூடிப் பாடிய தலைமுறை அது. அதே தலைமுறைப் பெண்ணான தனாகா மிட்சு, 1970இல் 'கழிப்பறையிலிருந்து விடுதலை' என்ற துண்டறிக்கையை எழுதினார். புரட்சி பேசும் தோழர்களும் பெண்ணைத் தாயாகவோ கழிப்பறையாகவோதான் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். போராட்டம் தோற்று அடங்கிய பின், கோஷமிட்ட ஆணின் இடத்துக்கு மென்மையான ஆண் வந்தான். அவன் சண்டை போடுவதில்லை, அதிகாரம் செய்வதில்லை. அவளுடைய துயரத்தை அவனே பாடிவிடுகிறான்.

எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும். பிடிப்பதனாலேயே அதன் கடைசி வேண்டுகோள் என்னை உறுத்துகிறது. நீ மாறாதே என்பது யாருடைய ஆசை? புது வீடு, புது மாமியார், புதுக் குடும்பப் பெயர் என்று போகிறவளுக்குத் தலைக்குமேல் கவலைகள் இருக்கும். விட்டுவந்தவன் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவற்றில் முதலாவதாக இருக்குமா? தன்னைப் பிரிந்தவள் தன்னைக் குறையில்லாதவனாக நினைத்துக்கொண்டே போக வேண்டும் என்று விரும்புகிறவனின் குரல் அங்கே கேட்கிறது. அவள் கோபப்படுவதில்லை, உனக்கு ஏன் இன்னும் ஒரு வழி பிறக்கவில்லை என்று கேட்பதுமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் இதற்குத் தலைகீழான ஒரு பாட்டு வந்தது. 21 வயது அராய் யூமி எழுதி, 'பான்பான்' என்ற ஆண்கள் குழு பாடிய 'ஸ்ட்ராபெரி அறிக்கை, மறுபடியும்'. எழுதியவள் பெண், பேசுபவன் ஆண். மாணவர் போராட்டத்தைப் பற்றிய ஒரு படத்தைக் காதலியோடு பார்த்த நாளை அவன் நினைக்கிறான். வேலை உறுதியானதும் நீண்ட தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்து அவளிடம் சாக்குச் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறான். அதுவும் முதலிடம் பிடித்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். இளமை முடிகிற இடம் அவனுக்கு முடிதிருத்தும் கடை, அவளுக்குக் கல்யாண மண்டபம். ஆனால் அராய் யூமி தன் ஆணைச் சங்கடப்பட வைக்கிறார். இசே தன் பெண்ணுக்கு அந்தச் சங்கடத்தைத் தரவில்லை. அழகை மட்டும் தந்தார்.

1975 சர்வதேசப் பெண்கள் ஆண்டு. அதை ஒட்டித் திரண்ட டோக்கியோப் பெண்கள், ஹவுஸ் நிறுவனத்தின் நூடுல்ஸ் விளம்பரம் ஒன்றை எதிர்த்துக் கிளம்பினார்கள். சமைப்பவள் நான் என்று அதில் பெண் சொல்கிறாள், சாப்பிடுபவன் நான் என்று ஆண் சொல்கிறான். பத்திரிகைகள் அந்தப் பெண்களைக் கேலி செய்தன. விளம்பரம் அந்த இலையுதிர் காலத்திலேயே நிறுத்தப்பட்டது. பாட்டுகளை எதிர்த்து அவர்கள் கொடி பிடிக்கவில்லை. பாட்டின் பக்கம் வேறு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில்தான் நாகாஜிமா மியூகி தன் முதல் தட்டை வெளியிட்டார். அவருக்கு 23 வயது. சொல்லும் மெட்டும் குரலும் அவருடையவை.