நட்டதும் பிழைத்ததும்: நகர்ப்புற மரநடுகையை மதிப்பிடும் அளவுகோல்

2006 அக்டோபர் 17 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 8.5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகள் நடப்பட்டுக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றன. அதன்பின் வெவ்வேறு மாநிலங்கள் கோடிக் கணக்கில் நட்டு அந்த எண்ணைத் தாண்டிச் சென்றன. இத்தகைய பதிவுகள் அனைத்துக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. விடிந்து தொடங்கும் கணக்கு பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடுகிறது. நட்ட கன்றுகளில் மறு ஆண்டு எத்தனை நின்றன என்பது அந்தப் பதிவின் வரம்புக்குள் வருவதில்லை.

தன்னார்வலர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த உழைப்பை அளக்க நாம் வைத்திருக்கும் கோல் தவறானது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். நட்ட எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டின் முடிவில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கையை அளவாகக் கொண்டால் எந்த மரத்தை, எங்கே, எப்போது நடுவது, யார் பார்த்துக்கொள்வது ஆகிய எல்லா முடிவுகளும் மாறும். தன்னார்வலரின் பங்கும் அப்போதுதான் துலங்கும். இதற்கான சான்றுகள் சென்னை, ஆரோவில், நியூயார்க் ஆகிய மூன்று இடங்களிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

1. எண்ணிக்கை மறைப்பவை

லாரா ரோமன், ஃபிரெடெரிக் ஸ்கடேனா இருவரும் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, தெருவோர மரங்களின் ஆண்டுப் பிழைப்பு வீதத்தை 94.9 முதல் 96.5 விழுக்காடு வரை எனக் கணித்தது. கேட்பதற்கு நல்ல வீதம்தான். ஆனால் அதே கணக்கின்படி ஒரு தெருவோர மரத்தின் சராசரி ஆயுள் 19 முதல் 28 ஆண்டுகள் மட்டுமே. நூறாண்டு வாழவல்ல இனங்களும் அடங்கிய தெருவோரத்தில் சராசரி ஆயுள் கால் நூற்றாண்டளவில் நின்றுவிடுகிறது.

இனி ஓர் எளிய கணக்கு. நூறு கன்றுகளை நட்டு, ஆண்டுக்கு 95 விழுக்காடு என்ற வீதத்தில் காத்தால் பத்தாம் ஆண்டில் 60 மரங்கள் மிஞ்சும். முதல் மூன்று ஆண்டுகள் கவனிப்பின்றி 80 விழுக்காடு வீதத்தில் விட்டு, அதன்பின் 95 விழுக்காட்டில் காத்தால் மிஞ்சுவது 36. அந்த 60ஐ எட்ட வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே 168 கன்றுகள் நட்டிருக்க வேண்டும். மூன்று ஆண்டுக் கவனிப்பின் மதிப்பு கூடுதலாக 68 கன்றுகள். நட்ட எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் எழுதும் அமைப்புக்கு, கவனிப்பில்லாத 168 என்பது கவனிப்புள்ள 100ஐவிடப் பெரிய சாதனையாகத் தெரியும். அளவுகோல் தவறான பணிக்கே பரிசளிக்கிறது.

இதே பிழை ஈடுசெய் நடுகையிலும் தொடர்கிறது. சாலை விரிவாக்கத்துக்கு ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நடவேண்டும் என்பது பரவலாக வைக்கப்படும் நிபந்தனை. 12 மீட்டர் அகலம் விரிந்த மரத்தின் கவிகை ஏறத்தாழ 113 சதுர மீட்டர் நிலத்தை மூடும். அரை மீட்டர் அகலமுள்ள கன்று மூடுவது 0.2 சதுர மீட்டர். நிழலை நிழலால் ஈடுசெய்ய வேண்டுமானால் முதல் நாளில் 576 கன்றுகள் தேவை. ஒன்றுக்குப் பத்து என்ற வாய்பாடு எந்த உயிரியல் அளவையும் அடிப்படையாகக் கொண்டதன்று. ஒரு பகுதித் தன்னார்வலர்கள் பழைய தூங்குமூஞ்சி மரம் ஒன்று வெட்டப்படாமல் தடுத்துவிட்டால் அது நடுகை அறிக்கையில் சுழியமாகவே பதிவாகும். நிழற்கணக்கிலோ பல நூறு கன்றுகளுக்குச் சமம்.

2. நாள்காட்டி ஒன்று, மழை வேறு

நடுகை விழாக்களின் நாள்கள் நம் மண்ணைப் பார்த்துக் குறிக்கப்பட்டவை அல்ல. மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி 1950இல் தொடங்கிய வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. தென்மேற்குப் பருவமழை பரவும் வட, மேற்கு இந்தியப் பகுதிகளுக்கு அது பொருத்தமான காலம். 1973 முதல் கொண்டாடப்படும் உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. சென்னையில் அக்கினி நட்சத்திரம் முடிந்து மண் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

சென்னையின் ஆண்டு மழையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தருகிறது. செப்டம்பர் இறுதியில் குழி வெட்டி, முதல் மழையில் நட்டால் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். ஜூன் 5இல் நட்ட கன்றுக்கு அந்த மழை வரும்வரை நான்கு மாதம் கைநீர் வார்க்க வேண்டும்.

அந்தக் கைநீர் எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு கன்றுக்கு முறைக்குப் பத்து லிட்டர், வாரம் இருமுறை, மார்ச் முதல் ஜூன் வரை பதினேழு வாரம் என்று வைத்தால் 340 லிட்டர். நூறு கன்றுக்கு 34,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று நடை. இது ஒரு கோடைக்கான தேவை. மூன்று கோடைக்கு ஒன்பது நடை. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றி, மக்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றபோது, கன்றுக்கு ஊற்றும் தண்ணீர் ஓர் அறக்கேள்வியாகவே ஆகிவிட்டது. நடுவதற்கு முன்பே நீருக்கு வழி சொல்லாத திட்டத்தைத் திட்டம் என்று ஏற்பதற்கில்லை.

3. இரண்டு புயல்கள் காட்டியவை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பெருங்கொன்றை, குல்மோஹர் போன்ற அயல் மரங்களே விழுந்தன, நாட்டு மரங்கள் நின்றன என்ற விளக்கம் உடனே பரவியது. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. வேம்பும் புங்கமும்கூட வீழ்ந்த தெருக்கள் இருந்தன. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டியபோது ஒரு பக்க வேர் அறுபட்டிருக்கும். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளை கழிக்கப்பட்டிருக்கும். நடைபாதைச் சிமெண்ட் அடிமரம் வரை ஏறியிருக்கும். வேர் ஒரு பக்கமும் பாரம் மறுபக்கமும் ஆன மரம் எந்த இனமானாலும் பெருங்காற்றுக்கு நிற்காது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லி வழக்கொன்றில் ஆணையிட்டது. அந்த ஒரு மீட்டரை ஒவ்வொரு தெருவிலும் அளந்து பார்க்க எந்த அலுவலகத்திலும் ஆள் போதாது.

புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லின் பாடம் வேறு வகையானது. 1968இல் அந்நகர் தொடங்கப்பட்டபோது அது அரிப்பால் வெடித்துக் கிடந்த செம்மண் மேட்டுநிலம். அங்கே குடியேறியவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் முதலில் வரப்பு எடுத்து மழைநீரை நிறுத்தினார்கள். வறட்சி தாங்கும் ஆஸ்திரேலிய அக்கேசியா போன்றவற்றை முன்னோடியாக வளர்த்து, அவற்றின் நிழலில் கருங்காலி, உலக்கைப்பாலை, வீரை, காயா முதலிய நாட்டு இனங்களைக் கொண்டுவந்தார்கள். கடற்கரைச் சமவெளிக்கே உரிய அந்த வறண்ட பசுமைமாறாக் காடு, புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற எச்சங்களில்தான் தப்பிப் பிழைத்திருந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வீசியபோது பெருமளவில் சாய்ந்தது முன்னோடி அக்கேசியா. அதன் கீழே மெல்ல வளர்ந்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அதே நிலத்தில், அதே மரங்களோடு மனிதர்கள் இருந்ததால்தான் அந்த வீழ்ச்சி காட்டின் அடுத்த கட்டமாக மாறியது.

4. தன்னார்வலரால் மட்டும் இயல்வது

நியூயார்க்கில் 1999 முதல் 2003 வரை நடப்பட்ட தெருவோர மரங்களில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்த ஜாக்குலின் லூ குழுவினர், 74.3 விழுக்காடு உயிரோடிருப்பதாக 2010இல் எழுதினர். அந்த ஆய்வில் நமக்கு முக்கியமானது வேறொரு முடிவு. மரக்குழியில் யாரோ பூச்செடி வைத்திருப்பது, மண்ணைக் கொத்தி விட்டிருப்பது போன்ற அக்கறையின் தடயங்கள் தென்பட்ட இடங்களில் மரங்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. 2015இல் அதே நகரம் தன் தெரு மரங்களைக் கணக்கெடுத்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வீதி வீதியாக நடந்து 6,66,134 மரங்களைப் பதிவு செய்ய உதவினர்.

சென்னையில் 2005 முதல் இயங்கும் நிழல் அமைப்பின் பணி இந்தத் திசையில் நம்மிடமுள்ள முன்மாதிரி. தெரு மரங்களை இனம் கண்டு பெயர் சொல்லும் மர நடைகள், கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டப்பட்ட பொதுப்பணித் துறை நிலத்தை நாட்டு மரங்களின் தோப்பாக்கிய நீண்ட உழைப்பு ஆகிய இரண்டுமே ஒரே நாள் விழாவில் அடங்காதவை.

தொடர்ந்து பார்க்கும் கண் எதைக் காண்கிறது? நட்டபோது கன்றைக் காத்த இரும்புக் கூண்டு மூன்றாம் ஆண்டில் பருத்துவரும் தண்டுக்குள் புதையத் தொடங்கும். முட்டுக்கழியோடு சேர்த்துக் கட்டிய நைலான் கயிறு பட்டையை அறுத்து, கட்டுக்கு மேலே தண்டு புடைத்திருக்கும். அந்தக் கயிற்றை ஒரு கத்திரிக்கோலால் வெட்ட அரை நிமிடம் போதும். வெட்டாவிட்டால் அடுத்த காற்றில் மரம் அந்த இடத்திலேயே முறியும். ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இந்த வேலைக்கு இடம் இல்லை. தினமும் அந்த வழியே பால் வாங்கப் போகிறவரின் கண்ணுக்கு மட்டும் அது படும். நடுவதை இயந்திரமும் கூலியாளும் செய்துவிட முடியும். அருகில் வாழ்பவரின் தொடர்கவனத்தை வெளியாளிடம் கூலிக்கு வாங்க வழியில்லை.

5. எதிர்வாதங்கள்

நடுகை விழாக்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டுகின்றன, அரசியல் ஆதரவைத் திரட்டுகின்றன என்பர். 1 கோடி மரங்கள் என்ற இலக்கோடு நடிகர் விவேக் ஊர் ஊராகச் சென்றதால் கன்று நடுவது ஒரு தலைமுறைக்கு இயல்பான செயலாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆர்வம் தொடக்கத்துக்கு உதவும். அதை மூன்றாண்டுப் பொறுப்பாக மாற்ற விழாவில் இடமில்லை.

மியாவாக்கி முறை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்பது இரண்டாவது வாதம். அகிரா மியாவாக்கி வகுத்த அடர்நடுகை இரண்டு மூன்று ஆண்டுகளில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் காட்டைத் தருவது உண்மை. பாழ்பட்ட வெற்று மனைகளுக்கு அது ஏற்றது. எனினும் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் என்ற அடர்த்தி, நட்ட எண்ணிக்கையைக் குறைந்த இடத்தில் பெருக்கிக் காட்டவும் வழிசெய்கிறது. வேலிக்குள் நெருக்கமாக நிற்கும் தோப்பு, பேருந்துக்குக் காத்திருப்பவரின் தலைக்கு நிழல் தராது.

மூன்றாவது வாதமே வலுவானது. தன்னார்வலர்கள் தாங்கள் வாழும் பகுதியில்தான் உழைப்பார்கள். ஓய்வும் வசதியும் உள்ள அடையாறும் பெசன்ட் நகரும் மேலும் பசுமையாகும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகள் வெயிலிலேயே இருக்கும். இந்த ஆபத்து மெய்யானது. அதனால்தான் குழிக்கான இடமும் நீரும் சட்டக் காப்பும் மாநகராட்சியின் கடமையாக இருக்க வேண்டும். கூலி வேலைக்கு விடியலில் கிளம்புகிறவரிடம் தண்ணீர் ஊற்றவும் கேட்பது நியாயமில்லை. அங்கே பராமரிப்புக்கு அப்பகுதியினருக்கே ஊதியம் தரவேண்டும்.

6. முடிவு

மேற்கண்ட வாதத்திலிருந்து நான்கு பரிந்துரைகள் எழுகின்றன. ஒன்று, நடுகைக்கான நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து மூன்றாம் ஆண்டில் நிற்கும் மரங்களுக்கேற்ப வழங்க வேண்டும். இரண்டு, கடற்கரை மாவட்டங்களில் அரசு நடுகை விழாவை அக்டோபருக்கு மாற்ற வேண்டும். மூன்று, ஈடுசெய் நடுகையைக் கன்றுகளின் எண்ணிக்கையில் அளக்காமல் கவிகைப் பரப்பில் அளக்க வேண்டும். நான்கு, வார்டுதோறும் தன்னார்வலர் கணக்கெடுப்பை மாநகராட்சி அதிகாரபூர்வப் பதிவாக ஏற்று, வேர் வெட்டும் எந்தப் பணிக்கும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதில்லை. தேவைப்படுவது தோல்வியை எழுதிவைக்கும் பழக்கம். பட்டுப்போன கன்று எது, எந்த மாதத்தில், எதனால் என்ற குறிப்பே அடுத்த நடுகைக்கு இனத்தையும் இடத்தையும் காலத்தையும் தேர்ந்து தரும். பட்டவற்றின் பட்டியலை வெளியிடாத அமைப்பு எத்தனை லட்சம் நட்டதாகச் சொன்னாலும் அதன் கணக்கு முழுமை பெறாது.