காற்றில் ஒரு புறம்போக்கு

வைஃபையின் கதை ஒரு புறம்போக்கில் தொடங்குகிறது. வானொலிக்கு இது, காவல்துறைக்கு இது, கப்பலுக்கு இது என்று ரேடியோ அலைவரிசைகளை அரசுகள் பட்டா போட்டுக் கொடுத்துவிட்ட காலத்தில், 2.4 கிகா ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு துண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்குவது அங்கேதான். அந்த இரைச்சலுக்குள் போய் யார் பேசுவார்கள்?

1985 மே மாதம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் துண்டையும் அதுபோன்ற வேறு இரண்டையும் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்க்கஸ் அதற்காகப் பாடுபட்டவர். குறைந்த சக்தியில் பேச வேண்டும், தகவலை அகலமாகப் பரப்பி அனுப்ப வேண்டும், அக்கம்பக்கத்து இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நிபந்தனைகள் இவ்வளவுதான்.

அங்கே முதலில் கால் வைத்தவர்களில் கல்லா இயந்திரம் செய்யும் என்சிஆர் நிறுவனமும் ஒன்று. பெரிய கடைகளில் அலமாரிகளை இடம் மாற்றும்போதெல்லாம் கல்லாக்களுக்குப் போகும் கேபிளையும் பிடுங்கிப் போட வேண்டியிருந்தது. கேபிளே இல்லாமல் செய்ய முடியுமா என்று அதன் நெதர்லாந்துப் பொறியாளர்கள் முயன்றார்கள், முடிந்தது. ஆனால் ஆளாளுக்கு ஒரு ரேடியோ செய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. எல்லாருக்கும் பொதுவான ஒரு இலக்கணம் வேண்டும். அதற்காக 1990-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பில் 802.11 என்ற குழு கூடியது. என்சிஆரின் விக் ஹேய்ஸ் அதற்குத் தலைமை ஏற்றுப் பத்து ஆண்டுகள் நடத்தினார். போட்டி நிறுவனங்களை ஒரே மேசையில் உட்காரவைத்து ஒப்புக்கொள்ளச் செய்வது லேசான வேலை இல்லை. முதல் தரம் வெளிவர ஏழு ஆண்டுகள் ஆயின. 1997-இல் வந்த அதன் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட்தான்.

வேகம் சிறியது, அதற்குள் இருந்த ஒழுங்கு பெரியது. பேசுமுன் கேள், யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திரு, அவர் முடித்ததும் உடனே பாயாமல், குலுக்கல் முறையில் விழுந்த நேரம் வரை பொறு, பிறகு பேசு. கேட்டவர் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், முன்பைவிட நீளக்கூடிய ஒரு காத்திருப்புக்குப் பின் மறுபடி அனுப்ப வேண்டும். ரேடியோ தான் பேசும்போது தன் குரலின் சத்தத்தில் பிறர் குரலைக் கேட்க முடியாது. மோதலை நடுவில் கண்டுபிடிக்க வழியில்லாததால், மோதாமல் தவிர்ப்பதே முறை ஆயிற்று. இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஏப்ரம்சன் தீவுகளுக்கிடையே ரேடியோவில் கணினிகளை இணைத்த அலோஹாநெட்டில், இரண்டு செய்திகள் மோதினால் ஆளுக்கொரு குலுக்கல் நேரம் காத்திருந்து திரும்ப அனுப்பும் வழக்கம் பிறந்தது.

1999 திருப்புமுனை ஆண்டு. 2.4 கிகா ஹெர்ட்ஸில் 11 மெகாபிட் தரும் 802.11பி, 5 கிகா ஹெர்ட்ஸில் 54 மெகாபிட் தரும் 802.11ஏ இரண்டும் அந்த ஆண்டு வந்தன. ஆப்பிள் தன் ஐபுக் மடிக்கணினிக்கு வயரில்லா இணைப்பைக் கொடுத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று சோதித்துச் சான்று தர ஒரு கூட்டமைப்பு உருவாகி, ‘வைஃபை’ என்ற பெயரைச் சூட்டியது. அது எதன் சுருக்கமும் இல்லை. கூப்பிடச் சுலபமாக உருவாக்கிய பெயர்.

வீட்டுக்குள் ரேடியோவுக்குப் பெரிய பகை எதிரொலி. கோயில் மண்டபத்தில் வேகமாகப் பேசினால் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லை மறைத்துவிடும். சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலைகளும் அப்படித்தான். ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓ’சல்லிவன் குழு இதற்கு ஒரு தீர்வு கண்டு 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. வேகமான ஒரே ஓடையை மெதுவான பல ஓடைகளாகப் பிரித்துப் பக்கம்பக்கமாக அனுப்பினால், எதிரொலி அடங்கிய பிறகே அடுத்த சொல் வரும். சிறு கருந்துளைகள் வெடிக்கும் ரேடியோத் துடிப்பைத் தேடித் தோற்ற வானியலாளர் ஓ’சல்லிவன். அந்தத் தேடலில் பழகிய கணிதம் இங்கே கைகொடுத்தது.

அதே 1992-இல், பொள்ளாச்சியில் பிறந்து இந்தியக் கடற்படையில் சோனார் கருவி உருவாக்கிய ஆரோக்கியசாமி பால்ராஜ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இன்னும் ஒரு படி மேலே போனார். எதிரொலியை அடக்குவானேன், வேலை வாங்கலாமே என்பது அவர் எண்ணம். பல ஆன்டெனாக்கள் ஒரே அலைவரிசையில் வெவ்வேறு செய்திகளை அனுப்பட்டும்; அவை வெவ்வேறு பாதையில் வந்து சேர்வதை வைத்தே மறுமுனையில் பிரித்தெடுக்கலாம். இந்த மைமோ முறை 2009-இல் வந்த 802.11என் தரத்தில் ஏறியது. அதன் உச்ச வேகம் 600 மெகாபிட். இன்று ரவுட்டரின் தலையில் நிற்கும் கொம்புகளுக்குக் காரணம் இதுதான்.

வழியில் சறுக்கலும் இருந்தது. காற்றில் போகும் தகவலைப் பிறர் ஒட்டுக்கேட்காமல் காக்க முதலில் வந்த வெப் என்ற பூட்டை 2001-இல் ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் அதன் இரண்டாம் வடிவம், 2018-இல் மூன்றாம் வடிவம் என்று பூட்டு மாறிக்கொண்டே வந்தது. எழுத்துகளால் ஆன பெயர்கள் மக்களைக் குழப்பியதால், 2018 முதல் வைஃபை 4, 5, 6 என்று எண்ணால் அழைக்கிறோம். இப்போது 7 சந்தையில் இருக்கிறது.

இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. அன்று முதல் அந்தப் புறம்போக்கில் நமக்கும் பங்கு உண்டு, பொறுப்பும் உண்டு. அந்தப் பட்டையில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ரவுட்டரை 3-இல் வைத்தால் 1-இல் இருப்பவரையும் 6-இல் இருப்பவரையும் சேர்த்துத் தொல்லை செய்கிறோம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்றே தங்கள் ரவுட்டரைத் திறந்து பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் உள்ள கருவிகளை 5 கிகா ஹெர்ட்ஸுக்கு அனுப்புங்கள். பழைய பூட்டு இருந்தால் புதியதைப் போடுங்கள். பொதுவழியில் நடப்பவர் எல்லாரும் பிறருக்கு இடம் விட்டால்தான் வழி வழியாக இருக்கும்.