துயர் துடைப்போரின் துயர்: மனிதநேயப் பணியாளரின் உளநலம் பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை

போர், பஞ்சம், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றால் அல்லலுறும் மக்களுக்கு உணவும் மருந்தும் உறைவிடமும் கொண்டுசெல்வோரை மனிதநேயப் பணியாளர் என்கிறோம். அவர்கள் கொண்டுசென்றவற்றுக்குக் கணக்கு உண்டு. இத்தனை மூட்டை தானியம், இத்தனை கூடாரங்கள், இத்தனை பேருக்குச் சிகிச்சை என அறிக்கைகள் உரைக்கும். அவர்கள் திரும்பி வந்தபோது தங்களோடு சுமந்துவந்த உறக்கமின்மைக்கும் அச்சத்திற்கும் குற்றவுணர்வுக்கும் நெடுங்காலம் எவரும் கணக்கு எழுதவில்லை. அக்கணக்கு எவ்வாறு மெல்ல எழுதப்படலாயிற்று என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம். இவ்வரலாறு முழுவதிலும் ஒரு கேள்வி ஊடாடி நிற்கிறது. துயர் துடைக்கச் சென்றவர் தளர்ந்து விழும்போது அது அவருடைய பலவீனமா? அன்றி, அவரை அனுப்பியவர்களின் பொறுப்பா? ஊழியரை அனுப்பும் திருச்சபையும் இக்கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது.

1. தொடக்கத்திலேயே காணப்பட்ட அறிகுறி

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் வட இத்தாலியாவில் சொல்பெரினோ என்னுமிடத்தில் ஆஸ்திரியப் படைக்கும் பிரெஞ்சு, சார்டினியப் படைகளுக்கும் இடையே நடந்த போரில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். ஜெனீவாவில் சீர்திருத்தச் சபைக் குடும்பத்தில் பிறந்து, 1852இல் அந்நகரில் வாலிபர் கிறிஸ்தவ சங்கம் தோன்றக் காரணராயிருந்த ஹென்றி டுனான்ட், தம் தொழில் நிமித்தம் அவ்வழி வந்திருந்தார். அருகிலிருந்த காஸ்திலியோனே ஊரின் ஆலயத்தில் கிடத்தப்பட்ட காயமுற்றோரை, எந்நாட்டவர் என்று பாராமல், ஊர்ப்பெண்களின் துணையுடன் அவர் பேணினார். 1862இல் அவர் வெளியிட்ட 'சொல்பெரினோவின் நினைவு' என்னும் நூல், 1863இல் செஞ்சிலுவை இயக்கமும் 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கையும் தோன்ற வழிவகுத்தது.

அந்நூலில் நாம் எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தி ஒன்றுண்டு. முதல் நாட்களில் ஆர்வத்துடன் ஓடிவந்த உதவியாளர் பின்னர் ஒவ்வொருவராக விலகிப்போனதையும் டுனான்ட் பதிவுசெய்திருக்கிறார். தம்மால் தணிக்க இயலாத வேதனையை நாள்தோறும் கண்டுகொண்டிருக்க அவர்களால் இயலவில்லை. அவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை; கணநேர இரக்கம் மட்டும் போதாது, அமைதிக் காலத்திலேயே பயிற்சிபெற்ற உதவிச் சங்கங்கள் வேண்டும் என்னும் முடிவுக்கே வந்தார். எனவே, உதவியாளரின் தளர்ச்சி மனிதநேய இயக்கத்தின் தொடக்க நூலிலேயே இடம்பெற்றுவிட்டது எனலாம். ஆயினும், சங்கங்கள் காயமுற்றோரின் பொருட்டு எழுந்தன. உதவியாளரின் உள்ளம் பற்றி அவை கருதவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு வந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. 1855 மே மாதத்தில் கிரிமியாவில் கடுங்காய்ச்சலுற்ற அவர் 1856இல் தாயகம் திரும்பினார். 1857 முதல் பல்லாண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலிருந்தபடியே, மருத்துவமனைச் சீர்திருத்தங்களை இயக்கினார். அந்நோய் கிரிமியாவில் தொற்றிய உடல்நோயே என்பாரும், உள்ளத்தின் பங்கும் அதில் உண்டு என்பாரும் இன்றுவரை வாதிடுகின்றனர். அவ்வாதத்தை நாம் ஈண்டுத் தீர்க்கப் புகவில்லை. விளக்கேந்திய மங்கையாக உலகம் போற்றிய ஒருவரைத் தளர்ந்த பணியாளராகக் காண அக்காலத்தவரிடம் சொல்லும் இல்லை, எண்ணமும் இல்லை என்பதையே குறிக்க விரும்புகிறோம். புகழ்ச்சியும் ஒரு திரையாகக் கூடும். தியாகி என்று அழைக்கப்பட்டவர் தமக்கு உதவி வேண்டும் என்று கேட்பது அரிது.

2. சோர்வுக்கு ஒரு பெயர்

பெயரில்லாத நோய்க்கு மருந்து தேடுவார் இல்லை. 1974இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலார், இலவச மருத்துவமனைகளில் உழைத்த தன்னார்வலரிடம் கண்ட ஒரு நிலையை 'எரிந்து தீர்தல்' எனப் பொருள்படும் சொல்லால் குறித்தார். ஈடுபாடு மிகுந்தவர்களே இதற்கு இரையாகின்றனர் என்பது அவர் சுட்டிய உண்மை. 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் தம் சக ஆய்வாளருடன் இதனை அளக்கும் கருவியொன்றை வெளியிட்டார். உணர்வு வறண்டுபோதல், உதவி நாடி வருவோரை மனிதராக அன்றிப் பொருளாக நோக்குதல், தம் பணியால் பயனொன்றும் இல்லை எனக் கருதுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். இரண்டாம் கூறு ஆயர்களின் ஆழ்ந்த கவனத்திற்குரியது. அன்பினால் பணிக்கு வந்தவர் அன்பற்றவராக மாறுவதை நாம் ஒழுக்கக் குறை என்றே எண்ணிக் கண்டிக்கிறோம். அது நெடுநாள் சுமையின் விளைவாகவும் இருக்கக் கூடும்.

இதற்கிடையே, வியத்நாம் போரினின்று திரும்பிய வீரர்களின் நிலை காரணமாக, அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் மனவடு நோயைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. ஆபத்து நீங்கிய பின்னும் அதன் நினைவு உள்ளத்தில் வடுவாக நின்று, கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் தாக்குவதே அந்நோய். 2013இல் வெளிவந்த அப்பட்டியலின் ஐந்தாம் பதிப்பு, மனித உடற்பகுதிகளைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளரின் அனுபவத்தையும் வெளிப்படையாக அதில் அடக்கியது. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்லர், பாதிக்கப்பட்டோரைத் தேடிச் சென்றவரும் காயமுறுகிறார் என்பது இவ்வாறு மருத்துவ நூலில் இடம்பெற்றது.

3. ஒரு மருந்தும் அதன் சோதனையும்

பெயர் கிடைத்தபின் மருந்து தேடும் முயற்சி எழுந்தது. தீயணைப்புப் பணியிலும் அவசர மருத்துவப் பணியிலும் அனுபவம் பெற்றிருந்த ஜெப்ரி மிச்செல் என்னும் அமெரிக்கர் 1983இல் ஒரு முறையை வெளியிட்டார். கொடிய நிகழ்ச்சி ஒன்று நடந்த சில நாட்களுக்குள் குழுவினரை ஒன்றுகூட்டி, நடந்தது என்ன, எண்ணியது என்ன, உணர்ந்தது என்ன எனப் படிப்படியாகப் பேசவைத்து, இறுதியில் அறிவுரை கூறி அனுப்புவதே அது. 1990களில் போர்க்களங்களிலும் அகதி முகாம்களிலும் பணியாற்றிய நிறுவனங்கள் பலவற்றில் இத்தகைய கூட்டங்கள் பரவின.

ஆயினும், நல்லெண்ணம் சோதனைக்கு விலக்கானதன்று. 1997இல் வெளியான ஓர் ஆய்வு, தீக்காயமுற்ற நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இத்தகைய உரையாடலை ஒருமுறை அளித்தது. 13 மாதங்களுக்குப் பின் மனவடு நோயுற்றோர் உரையாடல் பெற்றவர்களில் 26 விழுக்காடாகவும் பெறாதவர்களில் 9 விழுக்காடாகவும் காணப்பட்டனர். 2002இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டோர், ஒரேயொரு முறை நடத்தப்படும் உரையாடல் மனவடு நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் விளைவிக்கலாம் என்று முடிவு கூறினர். மிச்செலின் முறை மீட்புக் குழுவினருக்காகவே அமைந்தது, தனிப்பட்ட நோயாளருக்காக அன்று என அவர் சார்பினர் மறுத்துரைத்தனர். அம்மறுப்பில் நியாயமும் உண்டு.

எனினும், இதனின்று ஆற்றுப்படுத்துவோர் கற்கவேண்டியது பெரிது. ஆறாத புண்ணைக் கிளறுதலும் ஆற்றுதலும் ஒன்றல்ல. பேச விரும்பாதவரைப் பேசவைத்தல் ஆறுதலாகாது. மேலும், ஒரு மாலைப்பொழுதில் கூட்டம் நடத்திவிட்டுத் தம் கடமை தீர்ந்தது என்று கருத அம்முறை நிறுவனங்களுக்கு இடமளித்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனமும் இணை நிறுவனங்களும் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறு வழியைக் காட்டிற்று. சூழலைப் பார்த்தல், வற்புறுத்தாது கேட்டல், வேண்டிய உதவியோடு இணைத்தல் ஆகியனவே அதன் மூன்று செயல்கள். உதவியாளர் தம்மையும் தம் சக பணியாளரையும் பேணுவதற்கெனத் தனிப்பகுதியே அதில் உண்டு.

4. தனிமனிதரிடமிருந்து நிறுவனத்திற்கு

1996 டிசம்பர் 17ஆம் நாள் செச்சன்யாவின் நோவி அத்தகியில் செஞ்சிலுவை மருத்துவமனைப் பணியாளர் அறுவர் தம் உறைவிடத்திலேயே கொல்லப்பட்டனர். 2003 ஆகஸ்டு 19ஆம் நாள் பாக்தாதில் ஐக்கிய நாடுகள் அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதில் செர்ஜியோ வியெரா டி மெல்லோ உள்ளிட்ட 22 பேர் மாண்டனர். அந்நாளே பின்னர் உலக மனிதநேய நாள் என அறிவிக்கப்பட்டது. சின்னங்களும் கொடிகளும் இனிக் காவா என்பது தெளிவாயிற்று. அனுப்புவோரின் கடமை என்ன என்னும் கேள்வி கூர்மையடைந்தது.

அதற்கு முன்னரே, 1997இல், பிரித்தானிய உதவி நிறுவனங்கள் சில கூடிப் பணியாளரைப் பேணுவதற்கான நடைமுறை விதிகளை வகுத்திருந்தன. நெதர்லாந்தின் அன்டாரெஸ் அறக்கட்டளை வகுத்த நெறிமுறைகள் எட்டுக் கோட்பாடுகளைக் கொண்டவை. நிறுவனத்தின் கொள்கை, தேர்வு, பயிற்சி, கண்காணிப்பு, பணிக்காலத் துணை, நெருக்கடிக்கால உதவி, பணிமுடிவில் உதவி, அதன் பின்னரும் உதவி என்பன அவை. எட்டில் ஒன்றே நெருக்கடிக்குரியது. ஏனைய யாவும் அன்றாடப் பணியைச் சார்ந்தவை என்பது கருதத்தக்கது. 2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து வெளியிட்ட நெறிமுறைகளும் பணியாளர், தன்னார்வலர் ஆகியோரின் உளநலத்திற்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தன.

2012இல் வெளியான ஓர் ஆய்வு இப்போக்கிற்குச் சான்று பகர்ந்தது. பன்னாட்டுப் பணியாளரிடையே சோர்வுநோயின் அறிகுறிகள் புறப்படுமுன் 10.4 விழுக்காட்டினரிடமும் திரும்பியபின் 19.5 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. சில மாதங்கள் கழிந்தும் அவ்விழுக்காடு குறையவில்லை. குண்டுகளும் கொலைகளும் மட்டுமன்றி, தீராத பணிச்சுமை போன்ற நாட்பட்ட நெருக்கங்களும் அவர்களை வருத்தின. நண்பர், குடும்பத்தாரின் ஆதரவு அவர்களைக் காத்தது.

2015 நவம்பரில் ஆஸ்லோ நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். 2012இல் கென்யாவின் தாதாப் அகதி முகாமில் கடத்தப்பட்ட பணியாளர் ஒருவர், தம்மை அனுப்பிய நார்வே அகதிகள் மன்றத்தின்மீது தொடுத்த வழக்கில், அந்நிறுவனம் பெருங்கவனக்குறைவாக நடந்துகொண்டது எனத் தீர்ப்பாயிற்று. அவருடைய மனக்காயத்திற்கும் இழப்பீடு வழங்கப்பட்டது. மனிதநேய நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் அது முதலாளியின் கடமையினின்று விலக்களிப்பதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

5. மறக்கப்பட்ட பெரும்பான்மையினர்

இவ்வரலாற்றின் நாயகர் பெரும்பாலும் வெளிநாட்டினின்று வந்து திரும்பிச் செல்வோர். உதவிப் பணியில் உழைப்போரிலும் உயிரிழப்போரிலும் பெரும்பான்மையினரோ உள்நாட்டினர். அவர்களுக்குத் திரும்பிச் செல்ல வேறு ஊர் இல்லை. 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். வட இலங்கையில் ஒன்பது நிறுவனங்களைச் சேர்ந்த 398 உள்நாட்டுப் பணியாளரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், மனவடு நோயின் அறிகுறிகள் 19 விழுக்காட்டினரிடமும் சோர்வுநோயின் அறிகுறிகள் 58 விழுக்காட்டினரிடமும் பதற்றத்தின் அறிகுறிகள் 53 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. அவர்கள் போரால் பாதிக்கப்பட்ட அதே மக்களின் மக்கள். பகலில் பிறர் இழப்பைப் பதிவுசெய்தோர் இரவில் தம் இழப்பிற்குத் திரும்பினர். ஈழத் தமிழர் 'நெருக்கீடு' என வழங்கும் சொல்லின் முழுப்பொருளையும் இவர்களிடத்தில் காண்கிறோம். அங்கும் உற்றார் ஆதரவு மிகுந்தவரிடம் அறிகுறிகள் குறைவாயிருந்தன என்பது ஆறுதல் தரும் செய்தி.

6. திருச்சபை கற்கவேண்டுவது

2004 டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பின் நம் கடற்கரை ஊர்களில் உடல்களை அடக்கம்செய்தவர்களில் ஆயரும் சபை இளைஞரும் இருந்தனர். இனி வரும் பேரிடர்களிலும் இருப்பர். ஆகையால் இவ்வரலாறு நமக்கு அயலானதன்று.

திருமறையில் இருவகைப் பேணுதலைக் காண்கிறோம். சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிப் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தவை அப்பமும் நீரும் உறக்கமும். கேள்வி பின்னரே வந்தது. பணியில் துணையாக எலிசாவும் கிடைத்தான். இது தனிமனிதரைப் பேணுதல். காலைமுதல் மாலைவரை தனித்து வழக்குத் தீர்த்த மோசேயைக் கண்ட எத்திரோவோ, அவனுடைய விசுவாசத்தையும் பொறுமையையும் குறைகூறவில்லை. பணியின் அமைப்பையே மாற்றச் சொன்னான். இது அமைப்பைத் திருத்துதல். நாம் எலியாவின் வரலாற்றைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். எத்திரோவின் ஆலோசனையை நம் குழுக்களில் அரிதாகவே நிறைவேற்றுகிறோம். உலக நிறுவனங்கள் ஒன்றரை நூற்றாண்டில் கற்றதும் இவ்விரண்டும் இணையவேண்டும் என்பதே.

எனவே, ஊழியரைத் துயர்நிலங்களுக்கு அனுப்பும் எந்தச் சபைக் குழுவும் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே விடையெழுதி வைத்தல் நலம். இவர் எத்தனை நாள் தொடர்ந்து உழைப்பார், எப்போது ஓய்வார்? களத்தில் இவர் தளர்ந்தால், தண்டனைக்கு அஞ்சாமல் யாரிடம் கூறலாம், வேண்டுமாயின் எந்த மருத்துவரிடம் செல்லலாம்? திரும்பி வந்த ஆறு மாதங்களுக்குப் பின் இவரைத் தேடிச் செல்பவர் யார்? இவ்வினாக்கள் வெளியிலிருந்து வரும் ஊழியருக்கு மட்டுமன்று, அவ்வூரிலேயே வாழும் உபதேசியாருக்கும் கோயில் பணியாளருக்கும் உரியவை. அவர்களிடமிருந்தே நாம் தொடங்கலாம்.